செப்டெம்பரின் முதற் திங்கட்கிழமை

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினமாகும். சனியும் ஞாயிறும் அதனோடு சேர்ந்துகொள்வதால் மூன்று நாள் விடுமுறை. இம்மூன்று நாட்களிலும் அந்நாட்டு மக்கள் செய்வது யாது? குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் செல்கிறார்கள். வீட்டுப் பின்முற்றத்தில் கரியடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, அயலாரோடு கூடி உண்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் காலமாகையால் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். கடைக்காரரும் அந்நாளை எதிர்பார்த்தே மலிவு விற்பனையை அறிவிக்கிறார்கள். அன்றோடு கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது என்பது பொதுமக்கள் கணக்கு. வானநூற் கணக்கின்படி இலையுதிர்காலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்நாளுக்குப் பின்னர் வெண்ணிற ஆடை அணிதல் நாகரிகமன்று என்றொரு பழைய விதியும் உண்டு. கோடையிலே நகரத்தை விட்டுக் கடலோர மாளிகைக்குச் சென்று வெள்ளை உடுத்தி உலாவக்கூடியவர்கள் வகுத்த விதி அது. உலைக்களத்தில் நிற்பவனுக்கு அத்தகைய விதி தேவைப்பட்டிராது.

இக்காட்சியைத் தொலைவிலிருந்து நோக்கும் நம்மவர் சிலர், அமெரிக்கத் தொழிலாளியின் போர்க்குணத்தை இறைச்சிப் புகையிலும் பியர்ப் போத்தலிலும் கரைத்துவிட்டார்கள் என்று தீர்ப்பளிப்பதுண்டு. தீர்ப்பளிப்பது எளிது. ஆனால், அந்நாளின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வளவு விரைவாகத் தீர்ப்பெழுத மாட்டார்கள். பியர்ப் பீப்பாய் அந்நாளுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த கறையன்று. முதல் ஆண்டிலேயே அது அங்கு இருந்தது.

1882ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. நியூயோர்க் நகரத்துத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பாகிய மத்திய தொழிலாளர் சங்கம் அன்று ஊர்வலமொன்றை ஒழுங்கு செய்திருந்தது. எந்தச் சட்டமும் அந்நாளை விடுமுறை என்று கூறவில்லை. வேலைக்குச் செல்லாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. காலையில் ஊர்வலத் தலைவர் நகர மண்டபத்தின் அருகே வந்து நின்றபோது அவரைச் சூழ இருந்தவர் மிகச் சிலரே. வாத்தியக் குழுவும் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், 'இதை விட்டுவிடுங்கள்' என்று புத்தி சொல்லத் தொடங்கிவிட்டனர். அவ்வேளையில் மத்திய தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் மத்தியூ மக்வயர் ஓடோடி வந்தார். நியூவார்க் நகரத்து நகைத் தொழிலாளர் இருநூறு பேர் ஆற்றைக் கடந்து வந்துவிட்டார்கள் என்றும், அவர்களோடு ஒரு வாத்தியக் குழுவும் வந்திருக்கிறது என்றும் அவர் சொன்னார். வாத்தியம் முழங்கிற்று, ஊர்வலம் நகர்ந்தது. செங்கல் அடுக்கும் கொத்தர் வந்து சேர்ந்தனர். தெருவுக்குத் தெரு வரிசை நீண்டது. அன்று நடந்தவர்களைப் பத்தாயிரம் என்றும் இருபதாயிரம் என்றும் பலவாறு மதிப்பிட்டனர். ஜன்னல்களிலும் கூரைகளிலும் மக்கள் நின்று பார்த்தார்கள்.

நண்பகலில் ஊர்வலம் முடிந்தது. ஆனால் அந்நாள் முடியவில்லை. தொண்ணூற்றிரண்டாம் வீதியிலிருந்த எல்ம் பூங்காவில் வனபோசனம் ஏற்பாடாகியிருந்தது. ஊர்வலத்துக்கு வராத சங்கங்களும் அதற்கு வந்து சேர்ந்தன. பிற்பகல் ஒரு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையில் ஏறத்தாழ 25,000 பேர், மனைவி மக்களோடு, அப்பூங்காவை நிறைத்திருந்தனர். சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. சுருட்டுப் புகைத்தார்கள். பியர்ப் பீப்பாய்கள் கண்ட இடமெல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன.

சொற்பொழிவு போராட்டம், பீப்பாய் வெறுங் கேளிக்கை என்று இதனைப் பிரித்துவிட முடியுமா? அக்காலத்துத் தொழிலாளி நாளொன்றுக்குப் பத்து மணியும் பன்னிரண்டு மணியும் உழைத்தவன். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கென்று: இதுவே அந்நாட்களில் பதாகைகளில் எழுதப்பட்ட கோரிக்கை. மூன்றாவது எட்டு மணி நேரத்தை என்ன செய்வாய் என்று முதலாளிமார் கேட்டார்கள். குடித்தழிவாய் என்று தாமே விடையும் கூறினார்கள். என்ன செய்வோம் என்பதை எல்ம் பூங்காவிலே அவர்கள் செய்து காட்டினார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் மரநிழலில் இருப்பதுதான் அவர்கள் கேட்ட உரிமை. அதனைக் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள் என்பதில் அந்நாளின் சிறப்பு இருக்கிறது.

இத்தினத்தின் தந்தை யார் என்றொரு பழைய வழக்கும் உண்டு. தச்சர் சங்கத் தலைவர் பீட்டர் மக்குவயர் என்போர் ஒரு சாரார். மேற்சொன்ன இயந்திரத் தொழிலாளி மத்தியூ மக்வயரே என்போர் மற்றொரு சாரார். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தமை குழப்பத்துக்கு உதவிற்று. நெடுங்காலம் புகழ் தச்சருக்கே சென்றது. அவர் மிதவாத அமெரிக்கத் தொழில் சம்மேளனத்தைச் சேர்ந்தவர். மற்றவரோ 1896இல் சோஷலிஸ்ட் தொழிற்கட்சியின் சார்பில் உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டவர். விடுமுறைக்குத் தந்தையைத் தேடுபவர்கள் சாதுவான தந்தையையே விரும்புவார்கள் போலும்.

1884இல் அச்சங்கம் செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமையைத் தெரிந்தெடுத்தது. ஞாயிறை அடுத்து வரும் நாள் என்பது வசதி. திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவது பழைய கைவினைஞரின் தொன்மையான வழக்கமுமாகும். 'புனித திங்கள்' என்று அதனைக் கேலியாக அழைத்தனர். கைவினைஞன் தானாக எடுத்துக்கொண்டிருந்த திங்கட்கிழமையைத் தொழிற்சாலை மணி பறித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு திங்களாவது இப்போது மீண்டது. 1887இல் ஒரிகன் மாநிலம் முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைச் சட்டமாக்க, அதே ஆண்டில் நியூயோர்க்கும் வேறு சில மாநிலங்களும் பின்பற்றின.

இவ்விடத்தில் இன்னொரு நாளையும் பேச வேண்டும். 1886ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, எட்டு மணி நேர வேலை கோரி அமெரிக்கா முழுவதும் இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நான்காந் திகதி சிக்காகோவில் ஹேமார்க்கெட் கூட்டத்திலே குண்டு வெடித்தது. அக்குண்டை எறிந்தவன் யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. எனினும் 1887 நவம்பர் 11ஆம் திகதி நான்கு பேர் தூக்கிலிடப்பட்டனர். 1889இல் பாரிஸிலே கூடிய சர்வதேச சோஷலிஸ்ட் மாநாடு, 1890 மே முதல் நாளை உலகத் தொழிலாளரின் எழுச்சி நாளாக அறிவித்தது. அமெரிக்க மண்ணிலே பிறந்த மே தினம் உலகெங்கும் சென்று வாழ்ந்தது; நம் நாட்டிலும் 1956இல் அது அரசாங்க விடுமுறையாயிற்று. பிறந்த வீட்டிலேதான் அதற்கு இடமில்லாது போயிற்று. செப்டெம்பர் நாளுக்கு வழங்கிய அங்கீகாரத்தை மே நாளை மறக்கச் செய்வதற்கான கருவியாக ஆட்சியாளர் பயன்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. 1958இல் மே முதலாந் திகதியைச் சட்டத்துக்குரிய நாளென்றும் நாட்டுப்பற்று நாளென்றும் வேறு பெயர்களால் அழைக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

1894இல் மத்திய அரசும் செப்டெம்பர் விடுமுறையைச் சட்டமாக்கிற்று. சிக்காகோவுக்கு அருகே புல்மன் புகையிரதப் பெட்டித் தொழிற்சாலையில், கூலியைக் குறைத்த கம்பெனி தனது வீடுகளின் வாடகையைக் குறைக்க மறுத்தமையால் மே 11ஆம் திகதி வேலைநிறுத்தம் மூண்டிருந்தது. ஜூன் 26ஆம் திகதி, யூஜின் டெப்ஸின் தலைமையிலான புகையிரதத் தொழிலாளர் சங்கம் புல்மன் பெட்டிகள் பூட்டிய வண்டிகளை இயக்க மறுத்தது. ஜூன் 28ஆம் திகதி ஜனாதிபதி கிளீவ்லண்ட் விடுமுறைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஜூலை முதல் வாரத்தில் அதே ஜனாதிபதி சிக்காகோவுக்குப் படையை அனுப்பினார். தொழிலாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொழிலாளரைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாகவே விடுமுறை வழங்கினார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. கதை கவர்ச்சியானதே, திகதிகள் அதற்கு இடந்தரவில்லை. ஒப்பம் முந்தியது, துப்பாக்கி பிந்தியது. விடுமுறை வழங்குவதும் படை அனுப்புவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று அவ்வரசாங்கம் கருதவில்லை என்பதே அத்திகதிகள் காட்டும் உண்மை. இது பரிகாரக் கதையைவிடக் கொடியது.

திங்கள் கிடைத்தும் மூன்று நாள் ஓய்வு உடனே கிட்டிவிடவில்லை. சனிக்கிழமை இன்னும் வேலைநாளாகவே இருந்தது. 1908இல் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள நூலாலை ஒன்று, சனிக்கிழமையைப் புனித நாளாகக் கொள்ளும் யூதத் தொழிலாளரின் பொருட்டு இரு நாட்களும் ஆலையை மூடியது. 1926இல் ஹென்றி போர்ட் தமது கார்த் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வேலை முறையைக் கொண்டுவந்தார். ஓய்வுள்ளவனே கார் வாங்குவான் என்பதை அவர் நன்கறிவார். 1938ஆம் ஆண்டுத் தொழில் நியாயச் சட்டத்தின் வழியாக 1940இல் நாற்பது மணி நேர வாரம் நாடளாவிய விதியாயிற்று. வாரமென்பது இயற்கை விதித்ததொன்றன்று. மனிதன் கட்டி மாற்றக்கூடியது. 1966 முதல் 1971 வரை போயா நாட்களையே வார விடுமுறையாகக் கொண்டு, சந்திரனைப் பார்த்து அலுவலகத்தைப் பூட்டிய நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. ஆயின், 1938ஆம் ஆண்டுச் சட்டம் வயலில் உழைப்பவனையும் பிறர் வீட்டிலே சமைத்துத் துடைப்பவளையும் தனது பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் அவ்வேலைகளைச் செய்தவர்களிற் பெரும்பாலானோர் கறுப்பு மக்கள். யாருக்கு விடுமுறை என்ற கேள்வியை யாருக்கு இல்லை என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதென்பதை அச்சட்டமே எழுதி வைத்தது.

தென் மாநிலங்களின் நெசவாலைகளிற் பல, செப்டெம்பர் திங்களைப் பொருட்படுத்தாது அன்றும் இயங்கி வந்தன. 1934ஆம் ஆண்டில் அந்நாள் செப்டெம்பர் 3ஆம் திகதி வந்தது. அவ்வாண்டுதான் நாடெங்கும் நெசவாலைத் தொழிலாளரின் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. இயந்திரத்தை விரைவுபடுத்தி, ஒருவனுக்கு இருவர் வேலையைச் சுமத்தி வந்த முறைக்கு எதிரான எழுச்சி அது. வட கரோலினாவின் காஸ்டோனியா நகரில் ஆயிரக்கணக்கானோர் தொழிலாளர் தின ஊர்வலம் நடத்தினர். பின்னர் பழைய கார்களிலும் லொறிகளிலும் ஏறி ஆலைக்கு ஆலை சென்று வேலைநிறுத்தத்தைப் பரப்பினர். சில நாட்களில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வெளியே நின்றனர். உல்லாசப் பயணத்துக்கென்று தவணைப் பணத்தில் வாங்கிய கார் இவ்வாறும் பயன்பட்டது.

செப்டெம்பர் 6ஆம் திகதி தென் கரோலினாவின் ஹனிபாத் என்னும் சிற்றூரில், சிக்கோலா ஆலையின் வாயிலில் எழுவர் சுடப்பட்டு இறந்தனர். அவ்வாலையின் மேலாளரே அவ்வூரின் நகரத் தலைவர். மாதம் முடியுமுன் வேலைநிறுத்தம் தோற்றது. பங்குபற்றியோர் பலருக்குப் பின்னர் எந்த ஆலையும் கதவு திறக்கவில்லை. அச்சம் எவ்வளவு ஆழமாகச் சென்றதெனில், ஹனிபாத்தில் அறுபது ஆண்டுகள்வரை பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு 1995இலேதான் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

அதே தென் கரோலினாவில், டார்லிங்டன் என்னும் ஊரில், 1950ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்தன்று ஐந்நூறு மைல் காரோட்டப் பந்தயம் ஒன்று முதன்முதலாக நடைபெற்றது. எழுபத்தைந்து கார்கள், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். விரைந்து ஓடிய கார்களின் டயர்கள் வெடித்து வெடித்து நிற்க, கடினமான டயர் பூட்டிய பிளிமத் கார் ஒன்று நிதானமாக ஓடி வெற்றி பெற்றது. அன்று முதல் அப்பந்தயம் தென்னாட்டு உழைக்கும் மக்களின் தீராத மோகமாயிற்று. ஊர்வலத்துக்குப் பதிலாகப் பந்தயத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதிவிடலாம். ஆனால், அக்கூட்டத்தில் ஆலைத் தொழிலாளரும் கார் திருத்துநரும் தங்களைப் போன்ற ஒருவன், தாங்கள் ஓட்டுவது போன்றதொரு காரில், தன் கைத்திறத்தாலேயே வெல்வதைக் கண்டார்கள். ஆலையில் அவர்களுடைய கைத்திறத்தை எவரும் எழுந்து நின்று பார்த்ததில்லை. கேளிக்கையின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் அதனைப் பழிப்பவர்கள் மக்களை அறியமாட்டார்கள்.

நியூயோர்க்கில் வாழும் மேற்கிந்தியத் தீவு மக்களும் இந்நாளைத் தமதாக்கிக்கொண்டனர். அவர்களது கார்னிவல் தாயகத்திலே பெப்ரவரி வாக்கில் வருவது. நியூயோர்க்கின் பெப்ரவரிக் குளிரில் இறகு சூடித் தெருவில் ஆட முடியுமா? எனவே 1947 முதல் ஹார்லமிலும், 1969இலிருந்து புரூக்ளின் ஈஸ்டர்ன் பார்க்வேயிலும் தொழிலாளர் தினத்திலே அது நடந்து வருகிறது. மருத்துவமனைகளிலும் பிறர் வீடுகளிலும் உழைத்துப் பிழைத்த பெண்கள் ஆண்டுக்கொரு நாள் நகரத்தின் அகன்ற தெருவொன்றைத் தமதாக்கி ஆடினார்கள். 1882இன் ஊர்வலத்துக்கு இன்றுள்ள நெருங்கிய உறவு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

பொழுதுபோக்கைப் போலவே அபிப்பிராயத்துக்கும் இவ்விடுமுறை உரிய காலமாயிற்று. ஜனாதிபதித் தேர்தல் ஆண்டுகளில் பிரசாரம் முறையாகத் தொடங்குவது இத்திங்களன்று என்பது நெடுநாள் மரபு. 1948இல் ட்ரூமன் டிட்ரோயிட் நகரத்துக் கடிலாக் சதுக்கத்தில் கார்த் தொழிலாளரின் பெருங்கூட்டத்தின் முன் நின்று, தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய 1947ஆம் ஆண்டு டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைச் சாடினார். அவர் வென்றார். சட்டம் நிலைத்தது. 1960இல் கென்னடியும் அதே சதுக்கத்தில் அதே நாளில் பேசினார். இக்கூட்டங்களில் தொழிலாளி கேட்பவன், பேசுபவன் வேறொருவன். 1882இல் மேடையும் அவனுடையதாக இருந்தது.

அபிப்பிராயம் கல்லாகவும் பறந்ததுண்டு. 1949ஆம் ஆண்டு தொழிலாளர் தின விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை, செப்டெம்பர் 4ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் அருகே போல் ரோப்சன் பாடினார். கறுப்பினத்து மாபெரும் பாடகர். சோவியத் நாட்டின் நண்பர். அதனால் அக்காலத்து அமெரிக்காவில் இருமடங்கு வெறுக்கப்பட்டவர். ஒரு வாரத்துக்கு முன்னரே, ஆகஸ்ட் 27இல், அவர் பாடவிருந்த கச்சேரியைக் கும்பலொன்று தாக்கிக் கலைத்திருந்தது. இம்முறை ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வந்தனர். தொழிற்சங்க உறுப்பினர் கையோடு கை கோத்துத் திடலைச் சுற்றி மனிதச் சுவராக நின்றனர். கச்சேரி அமைதியாக நிறைவுற்றது. வீடு திரும்பும் வழியிலேதான் பஸ்கள் மீதும் கார்கள் மீதும் கல்மழை பொழிந்தது. பொலிசார் பார்த்து நின்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கல்லெறிந்தவர்களிற் பலர் அவ்வட்டாரத்துச் சாதாரண மக்கள். அவர்களுக்கும் அது விடுமுறை நாள்தான். அன்று பாடிய பீட் சீகர், தமது காருக்குள் வந்து விழுந்த கற்களை எடுத்துச் சென்று, தாம் கட்டிய வீட்டின் கணப்படுப்பில் வைத்துப் பூசினார்.

கலப் நிறுவனம் ஆண்டுதோறும் தொழிலாளர் தினத்தை ஒட்டி, தொழிற்சங்கங்களை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று மக்களைக் கேட்டு வெளியிடுகிறது. 1936இல் ஆம் என்றவர் நூற்றுக்கு 72 பேர். 2009இல் அது 48 ஆக வீழ்ந்தது. 2022இல் மீண்டும் 71. ஆனால், 1950களின் நடுப்பகுதியில் உழைப்போருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சங்கத்தில் இருந்தார்கள். இந்நூற்றாண்டின் இருபதுகளில் பத்திலொருவரே இருக்கிறார். சங்கம் நல்லதென்று பலர் சொல்கிறார்கள். சங்கத்தில் இருப்பவர் சிலர். இந்த இடைவெளியைச் சோம்பல் என்றோ மயக்கம் என்றோ கூறுதல் தவறு. ஹனிபாத் மக்கள் அறுபது ஆண்டு வாய் திறவாதிருந்ததை நினைவுகூர்ந்தால், ஒரு கருத்தைக் கொள்வதற்கும் அதன்படி வாழ்வதற்கும் இடையே வேலை பறிபோகும் அச்சம் நிற்பதை அறியலாம்.

இவ்விடுமுறையின் வரலாற்றில் மிகவும் கொடிய திங்கள் எதுவென்று கேட்டால், 1935ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதியையே சொல்ல வேண்டும். அதன் கதை மூன்று ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரில் பணிபுரிந்தோருக்கு 1945இல் தருவதாக வாக்களிக்கப்பட்ட ஊக்கப் பணத்தை, பட்டினிக் காலமாகிய 1932இலேயே தருமாறு கேட்டு ஆயிரக்கணக்கான முன்னாட் போர்வீரர் வாஷிங்டனில் பாளையமிட்டனர். ஹூவர் அரசாங்கம் ஜூலை 28ஆம் திகதி தளபதி மக்கார்தரைக் கொண்டு அவர்களைத் துரத்திக் குடிசைகளை எரித்தது. பின்னர் வந்த ரூஸ்வெல்ட் அரசாங்கம் எரிக்கவில்லை, வேலை கொடுத்தது. தலைநகரத்தில் கூடி நிற்காதபடி தொலைவிலே கொடுத்தது. புளோரிடாவின் தென்முனையில் கடலுக்குள் மணிமாலை போற் கிடக்கும் கீஸ் தீவுகளில், உல்லாசப் பயணிகள் காரிலேயே கீ வெஸ்ட் நகரம்வரை செல்லத்தக்க வீதி அமைக்கும் பணி அது. மாதம் முப்பது டொலரும் உணவும் கூலி. அறுநூறுக்கு மேற்பட்டோர், கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரமே உள்ள தீவுகளில், மெல்லிய பலகைக் குடில்களிலும் கூடாரங்களிலும் தங்கினர். செப்டெம்பர் புயல் மாதம் என்பதை அங்குள்ள மீனவர் யாவரும் அறிவர்.

தொழிலாளர் தின விடுமுறை வந்தது. அவ்வீரர்களில் ஒரு பகுதியினர் பேஸ்போல் பந்தாட்டம் பார்க்க மயாமி நகருக்குச் சென்றிருந்தனர். அவர்கள் உயிர் பிழைத்தார்கள். கேளிக்கை ஒருவனைக் காப்பாற்றியதும் உண்டு. எஞ்சியோர் முகாமிலே இருந்தனர். புயல் எச்சரிக்கை ஞாயிறு முதலே வந்துகொண்டிருந்தது. அவர்களை மீட்பதற்கான புகையிரதத்துக்குத் திங்கள் பிற்பகலிலேதான் கட்டளை பிறந்தது. விடுமுறை நாளாகையால் வண்டியையும் ஆட்களையும் திரட்டப் பொழுது சென்றது. மாலை நாலரை மணியளவில் மயாமியை விட்டுப் புறப்பட்ட வண்டி ஆற்றுப் பாலத்திலே தடைப்பட்டது. படகுகள் செல்லப் பாலம் திறந்திருந்தது. அப்பால் கம்பி வடமொன்று எஞ்சினில் சிக்கி ஒரு மணிக்கு மேல் நிறுத்திற்று. இரவு எட்டு மணிக்குப் பின் இஸ்லமொராடாவை அடைந்தபோது, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக எழுந்த கடல் பதினொரு பெட்டிகளையும் தண்டவாளத்திலிருந்து புரட்டியெறிந்தது. எஞ்சின் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

அமெரிக்கக் கரையைத் தாக்கியதாக அளவிடப்பட்ட புயல்களுள் காற்றமுக்கம் மிகக் குறைந்தது அதுவே: 892 மில்லிபார். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அம்முன்னாட் போர்வீரர்கள். ஏனையோர் தலைமுறைகளாக அத்தீவுகளில் வாழ்ந்த குடும்பத்தினர். வெயிலில் அழுகத் தொடங்கிய உடல்களைக் குவித்து எரித்தார்கள். கீ வெஸ்டில் அப்போது வாழ்ந்த எழுத்தாளர் ஏர்னஸ்ட் ஹெமிங்வே படகிலே அங்கு சென்றார். செப்டெம்பர் 17ஆம் திகதி 'நியூ மாஸஸ்' என்னும் இடதுசாரிச் சஞ்சிகையில், அவ்வீரர்களைக் கொன்றது யார் என்று கேட்டு அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அச்சஞ்சிகையின் அரசியலில் அவருக்குப் பெரிய நாட்டமிருந்ததில்லை. அவசர அவசரமாக விசாரணை நடத்திய அரசாங்க அதிகாரிகளோ, நிகழ்ந்தது இறைவன் செயல், ஒருவர் மேலும் குற்றமில்லை என்று ஒரு வாரத்துக்குள் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். புயல் இறைவன் செயலென்றே வைத்துக்கொள்வோம். புயல் மாதத்தில் பலகைக் குடிலும், பிற்பகலில் பிறந்த கட்டளையும் யார் செயல்?

கடலோரப் புகையிரதப் பாதை அப்புயலில் அழிந்தது. கம்பெனி அதனை மீண்டும் கட்டவில்லை. புளோரிடா மாநில அரசு எஞ்சிய பாலங்களை வாங்கி, அவற்றின் மேலேயே வீதியை அமைத்தது. 1937இல் இஸ்லமொராடாவில் இறந்தோருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அத்தீவுகளின் பவளக் கல்லால் அமைந்தது அது. காற்றில் வளையும் பனைமரங்களும் எழும் அலைகளும் அதிலே செதுக்கப்பட்டுள்ளன. எரித்தவர்களின் சாம்பல் அதனுள் இருக்கிறது. மறு ஆண்டு, 1938இல், கீ வெஸ்ட் வரையிலான வீதி கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செப்டெம்பரின் முதற் திங்களை ஒட்டிய விடுமுறையில் அவ்வீதியிலே வாகனங்கள் நெருங்கிச் செல்கின்றன. நினைவுச்சின்னம் வீதியோரத்திலேயே இருக்கிறது.